சபையோடு முதல் மலை சைக்கிள் பயணம்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டம், பாடகர் குழுவின் பயிற்சி, ஒரு வீட்டில் நன்றி ஜெபம். இவற்றுக்கு நடுவில், "வரும் சனிக்கிழமை அதிகாலை வாலிபர் ஐக்கியத்தின் மலை சைக்கிள் பயணம் உண்டு, வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று ஒரு வரி வரும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆராதனை முடிந்ததும், யாரிடம் கேட்பது, நம்மால் முடியுமா, சைக்கிளுக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் வாசல் வழியாக நழுவிப் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன். அப்படி நழுவுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளாக இந்தப் பயணங்களில் நான் வரிசையின் கடைசியில் வருகிறேன். முன்னால் வழிகாட்ட ஒருவர், பின்னால் காவலுக்கு ஒருவர் என்பது எங்கள் ஏற்பாடு. எனக்குப் பின்னால் யாரும் விடுபட்டிருக்கக் கூடாது, அதுவே என் பொறுப்பு. அதனால் புதியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் என் பக்கத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெயர் கொடுப்பதற்கு முன்

முதலில் ஒரு தெளிவு. நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். மவுண்டன் பைக் என்ற சொல்லைக் கேட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்து நின்றவர்கள் உண்டு. நாங்கள் போவது மிதிக்கிற சைக்கிளில். அகலமான டயரும் கியரும் உள்ள, மண் பாதைக்கென்று செய்த சைக்கிள்.

சிவாஜிநகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், திருநெல்வேலி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் வழக்கம் எல்லாச் சபைகளிலும் உண்டு. அந்த நேரத்தில் போய்ப் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். போதகர் ஐயாவிடம் கேட்டாலும் கையைப் பிடித்து அழைத்துப் போய் அறிமுகம் செய்து வைப்பார்.

பொறுப்பாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? அதில் மண் பாதை எவ்வளவு? ஏற்றம் எவ்வளவு? கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்பீர்களா? முதல் மூன்றுக்கும் எந்தப் பதில் வந்தாலும் சமாளிக்கலாம். நான்காவது கேள்விக்கு "முடிந்தவர்கள் வரட்டும்" என்று பதில் வந்தால் அந்தப் பயணம் உங்களுக்கானது அல்ல. அது பழகியவர்கள் வேகமாகப் போய்வரும் பயணம். அதில் தவறு ஏதும் இல்லை. புதியவர்களுக்கென்று வேறொரு சனிக்கிழமை வைத்திருப்பார்கள், அது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியவை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சைக்கிள் ஓட்டினீர்கள், மூச்சிரைப்பு நோய் உண்டா, முழங்கால் வலி உண்டா, சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

ஒரு தம்பி வந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். "தினமும் ஓட்டுவேன் அக்கா" என்றான். முதல் ஆறு கிலோமீட்டர் எல்லோருக்கும் முன்னால் போனான். இரண்டாவது மேட்டில் என் பக்கத்தில் வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. ஒரு புங்க மரத்தடியில் உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முயன்றான். விரல்கள் நடுங்கி மூடி திரும்பவில்லை. நான் திறந்து கொடுத்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபின் பேச்சு வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லையாம். காலையில் ஒன்றும் சாப்பிடவும் இல்லை. "சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன்" என்றான். நாற்பது நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவன் முன்பே சொல்லியிருந்தால் பாதையையே மாற்றியிருப்போம். அவனும் அந்தக் காலையை நடுங்காமல் கழித்திருப்பான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மண் பாதையில் கழிப்பறை கிடையாது. புறப்படும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் குழுவில் இருக்கிற ஏதாவது ஓர் அக்காவிடம் கேளுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தாலும் அவரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள், வேகத்தைப் பார்த்துக்கொள்வார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இதற்காக ஊருக்குப் பேசி அனுமதி வாங்க நேரம் எடுக்கும், ஆகவே ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களை அழைத்து வரலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் குழுவில் தாராளமாக வரலாம். புறப்படும் முன் ஒரு சங்கீதம் வாசித்துச் சிறு ஜெபம் செய்வோம். அந்த இரண்டு மூன்று நிமிடம் அமைதியாக நின்றால் போதும். சைக்கிள் ஓட்ட வந்தவரைப் பிடித்து வைத்துப் பிரசங்கம் செய்வதை நான் அனுமதிப்பதில்லை.

சைக்கிளும் ஹெல்மெட்டும்

முதல் பயணத்துக்கென்று சைக்கிள் வாங்காதீர்கள். மூன்று நான்கு முறை போய்வந்தபின் உங்கள் உடம்புக்கு எந்த அளவு பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதுவரை இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். பெரும்பாலான சபைகளில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த நல்ல சைக்கிள் இரண்டு மூன்று வீடுகளிலாவது இருக்கும். ஞாயிறு அன்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

முன் சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், இருந்தால் போதுமானது. முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து விலை மலிவாக வரும் சைக்கிள்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை கனம், மேட்டில் மிதிக்கிற விசையில் ஒரு பகுதியை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். டயரின் அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சக்கரம் 26 அங்குலமா 27.5 அங்குலமா 29 அங்குலமா என்பதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றித் தரையில் நின்றால் மேல் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மண் பாதையில் திடீரென்று காலை ஊன்ற நேரும், அப்போது இந்த இடைவெளியின் அருமை புரியும்.

சீட்டின் உயரம் சரியில்லாமல் வருபவர்கள்தான் அதிகம். பயத்தில் தாழ்வாக வைத்துக்கொள்கிறார்கள், பத்து கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கிறது. எங்கள் சபையில் ஒரு மூத்த அங்கிள் இருக்கிறார். தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர்; 2001இல் சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்தவர். ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்வந்த மனிதர். புதியவர்களின் சைக்கிளை வளாகத்துச் சுவரோரம் நிறுத்தி, அவர்களை ஏற்றி உட்கார வைத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார். "குதிகாலைப் பெடலில் வை. அதைக் கீழே இறக்கு" என்பார். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகால் பெடலைத் தொட்டு, கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. முழங்கால் மடங்கியிருந்தால் சீட்டை உயர்த்துவார். குதிகால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்குவார். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கிய நிலையில் நிற்கும். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடம் உங்கள் முழங்காலை வாரக்கணக்கான வலியிலிருந்து காப்பாற்றும்.

ஹெல்மெட் இல்லாமல் யாரையும் அழைத்துப் போக மாட்டோம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் உதவாது, வெக்கையில் தலை சுற்றும். சைக்கிள் ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடை வாருக்கு உள்ளே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. நெற்றி தெரியும்படி தலைக்குப் பின்னால் சாய்த்து அணிந்தால் விழும்போது நெற்றிக்குப் பாதுகாப்பே இல்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், இரவல் வாங்காதீர்கள்.

எங்கே போவார்கள்

புதியவர்களை நாங்கள் முதலில் அழைத்துப் போவது ஹெசரகட்டாவுக்கு. நகரின் வடமேற்கில், 1894இல் பெங்களூரின் குடிநீருக்காக அர்க்காவதி ஆற்றை மறித்து அமைத்த ஏரி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் புல்வெளியும் வண்டித் தடங்களும் உண்டு. பெரிய ஏற்றம் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாதை தெரியும், தவறி விழுந்தாலும் மண்ணில்தான் விழுவோம். ஆனால் வண்டித் தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். வானம்பாடிகள் தரையிலேயே கூடு கட்டும் இடம் அது. உங்கள் டயருக்குக் கீழே முட்டை இருக்கிறதா என்பது சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாது.

கனகபுரா சாலைப் பக்கத்துத் துரஹள்ளி, எலஹங்காவுக்கு அப்பால் ஆவலஹள்ளி ஆகிய இரண்டு காடுகளின் பெயரையும் சைக்கிள்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். இரண்டும் வனத்துறையின் கையில் இருப்பவை. போன மாதம் விட்டார்கள் என்பதற்காக இந்த மாதமும் விடுவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. பொறுப்பாளர் அந்த வாரமே விசாரித்தாரா என்று கேளுங்கள். வேலியில் இடைவெளி இருக்கிறது என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். சபையின் பெயரில் வந்துவிட்டுத் திருட்டுத்தனமாக நுழைவது எனக்குச் சற்றும் பிடிக்காத காரியம்.

நந்தி மலைக்கு எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உயரம் 1,478 மீட்டர். மேலே போவது தார்ச்சாலை. ஆனால் விடாமல் ஏற்றம், அதோடு வார இறுதியில் சூரியோதயம் பார்க்க வரும் வாகனங்களின் நெரிசல். ஆறு மாதம் ஓட்டியபின் யோசிக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆரம்பிக்க நல்லது. மழைக்காலத்தில் இந்தச் செம்மண் டயரில் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். முந்தைய இரவு கனமழை பெய்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பார்கள். ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் அதுதான் சரி. ஈர மண்ணில் நாம் போட்டுவிட்டு வரும் பள்ளம் காய்ந்து இறுகி மாதக்கணக்கில் கிடக்கும், அந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்குத் தொந்தரவு.

பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்

வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம் ஓட்டினால் போதும். கப்பன் பூங்காவின் உட்சாலைகளில் ஞாயிறு அன்று மோட்டார் வாகனங்கள் ஓடுவதில்லை. விடியற்காலையில் போய்விட்டு ஆராதனைக்கு வந்துவிடலாம்.

இரண்டு விஷயங்களைப் பழகுங்கள். ஒன்று கியர். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருந்தால் மிதிப்பது இலகு, சிறியதில் இருந்தால் கடினம். மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாறிவிட வேண்டும். பாதி மேட்டில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று குதிக்கும், சில நேரம் அறுந்தும் போகும். மாற்றுகிற அந்த நொடியில் மட்டும் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பிரேக். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று புறப்படும் முன்பே பாருங்கள். எல்லாச் சைக்கிளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டிஸ்க் பிரேக்குக்கு (சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகத் தட்டைப் பிடிக்கும் வகை) ஒரே விரல் போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக இறுக்கிப் பழகுங்கள். முன் பிரேக்கை மட்டும் பட்டென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். டிஸ்க்கை விரலால் தொடாதீர்கள். கையிலுள்ள எண்ணெய் பட்டால் பிரேக் பிடிப்பு குறையும், இறக்கத்துக்குப் பிறகு தொட்டால் விரல் வெந்துவிடும்.

வெள்ளிக்கிழமை இரவு

ஒரு சின்னப் பை போதும். மாற்று டியூப் ஒன்று (உங்கள் சக்கரத்தின் அளவுக்குச் சரியானது), டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு, அலென் சாவிக் கொத்து (அறுகோணக் குழியுள்ள திருகுகளுக்கானது), ஒரு பழைய துணி. இரண்டு லிட்டர் தண்ணீர். வாழைப்பழம் இரண்டு, கடலை மிட்டாய் நான்கு. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளந்து போடுங்கள், உப்பு மிகக் கூடாது. சட்டைப் பையில் ஒரு காகிதத்தில் உங்கள் பெயர், இரத்த வகை, வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண்.

புதிய செருப்பு, புதிய ஷூ எதுவும் வேண்டாம். பழகிய ஷூவாக, அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். கயிற்றின் நுனியை உள்ளே சொருகிவிடுங்கள், செயினில் சிக்கும்.

லெந்து நாட்களில் பயணம் வந்தால் ஒரு எச்சரிக்கை. உபவாசத்தில் இருக்கும் நாளில் சைக்கிள் ஓட்ட வராதீர்கள். வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் மேட்டில் மிதிப்பது ஆபத்து. எங்கள் போதகர் ஐயாவே இதை அறிவிப்போடு சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த நாளை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது எங்களோடு அடுத்த மாதம் வாருங்கள்.

சனிக்கிழமை

நாங்கள் வளாகத்தில் கூடுவது காலை நான்கே முக்காலுக்கு. மெட்ரோவில் முழு அளவுச் சைக்கிளை ஏற்ற முடியாது. ஆகவே சைக்கிள்களை ஒரு குட்டி யானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆட்கள் வேனில் போகிறோம். ஏற்றும்போது உங்கள் சைக்கிளின் கியர் இருக்கும் பக்கம் மேலே பார்த்து இருக்க வேண்டும். இரண்டு சைக்கிளுக்கு நடுவில் அட்டையோ பழைய போர்வையோ வையுங்கள், ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிகளுக்குள் நுழைந்தால் கம்பி வளைந்துவிடும்.

இறங்கியதும் காற்றைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். மண்ணில் அது கல்போலத் துள்ளும். டியூப் உள்ள டயருக்கு, நடுத்தர எடையுள்ளவர் என்றால் 30 முதல் 35 பிஎஸ்ஐ (பம்பின் மானியில் காட்டும் காற்றழுத்த அளவு) போதும்.

ஜெபம் முடிந்து வரிசை புறப்படும்போது பின்பாதியில் நில்லுங்கள். முன்னால் போகிறவர் "கல்", "பள்ளம்", "வண்டி" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டவர் தனக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டும். இடையில் ஒருவர் சும்மா இருந்தாலும் கடைசியில் வரும் எனக்கு அது வந்து சேராது. முன் சைக்கிளுக்கும் உங்களுக்கும் மூன்று சைக்கிள் நீளமாவது இடைவெளி இருக்கட்டும்.

மேட்டில் சீட்டின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்து, மார்பைச் சற்றே தாழ்த்துங்கள். முன்சக்கரம் தூக்காது. முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். நானும் சில மேடுகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறேன். இறக்கம் தொடங்கும் முன் நின்று சீட்டை இரண்டு அங்குலம் தாழ்த்திவிட்டு, இறக்கத்தில் பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கையும் முழங்காலும் தளர்வாக மடங்கியிருக்கட்டும், உடல் எடை பின்னுக்குப் போகட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் கல்லின் மேல்தான் ஏறுவீர்கள். கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் வழியைப் பாருங்கள்.

நகரைச் சுற்றியுள்ள தைலமரத் தோப்புகளில் காய்ந்த இலை மெத்தைபோலக் கிடக்கும். அதன்மேல் திரும்பினால் சக்கரம் வழுக்கும். அறுவடை முடிந்த நாட்களில் கிராமத்துத் தார்ச்சாலையில் ராகியும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள், வாகனங்கள் ஏறிப் போனால் மணி உதிரும் என்பதற்காக. சைக்கிளுக்கு அது சறுக்கு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒரு குடும்பத்தின் விளைச்சல்.

இரண்டு கன்னட வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு வாருங்கள். "அண்ணா, ஈ தாரி எல்லிகெ ஹோகுத்தே?" என்றால் இந்தப் பாதை எங்கே போகிறது என்று அர்த்தம். "நீரு சிகுத்தா?" என்றால் தண்ணீர் கிடைக்குமா என்று. உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை. அவர்கள் நிலத்தின் ஓரமாக நாம் போகிறோம், அவர்கள் மொழியில் முதல் வார்த்தை பேசுவது முறை. தங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து என் பாட்டிலை நிரப்பிக் கொடுத்த அஜ்ஜிகளை (பாட்டிகளை) நான் மறக்கவில்லை.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டாலோ நகம் கீறிவிட்டாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு போகட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

பஞ்சர் கட்டாயம் வரும், இந்தப் பக்கத்து முட்கள் அப்படி. எல்லோரும் நிற்பார்கள், பதறாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோலால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை உருவுங்கள். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். புது டியூபைப் போட்டுக் காற்றடித்ததும் மறுபடி புஸ்ஸென்று இறங்கும். முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கும். உட்புறத்தை வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். பழைய துணியை எடுத்து டயரின் உள்ளே ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணியின் நூல் இழுபட்டு நிற்கும். அந்த இடத்தை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு பழுப்பு முனை தெரியும். நகத்தால் வராவிட்டால் வெளிப்பக்கத்திலிருந்து பிதுக்குங்கள். பிறகு புது டியூபில் உருவம் வரும் அளவுக்குச் சிறிது காற்றடித்து உள்ளே வைத்து, டயரைக் கட்டைவிரல்களாலேயே ரிம்முக்குள் தள்ளுங்கள். கடைசிச் சாண் அளவு இறுக்கமாக இருக்கும். அதற்கு நெம்புகோலைப் போட்டால் புது டியூபும் கிழியும். உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் ஏறிவிடும்.

யாராவது விழுந்தால், தலையிலோ கழுத்திலோ அடி என்று தோன்றினால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். 108க்கோ 112க்கோ அழைத்துவிட்டு, நிழல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பின்னால் வரும் மற்றவர்களைத் தடுத்து நிறுத்த ஒருவர் நூறடி முன்பே போய் நிற்க வேண்டும். சிராய்ப்பென்றால் முதலில் தண்ணீரால் மண்ணைக் கழுவுங்கள், மருந்து பிறகு.

திரும்பிய பிறகு

ஒன்பதரைக்கு ஓட்டம் முடியும். வழியில் ஒரு தர்ஷினியில் (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) தட்டே இட்லியும் உத்தின வடையும் (உளுந்து வடை). செலவை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்போம். மாணவர்களுக்கும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் யாராவது சொல்லாமலே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், அதை மறுக்காதீர்கள். மாலையில் பாடகர் குழுப் பயிற்சி இருப்பதால் மதியத்துக்குள் வீடு சேர்ந்துவிடுவோம்.

சைக்கிளைப் பீய்ச்சும் குழாயால் கழுவாதீர்கள், சக்கரத்தின் நடுவிலும் பெடலின் நடுவிலும் தண்ணீர் புகுந்து கிரீஸ் போய்விடும். மண் காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். செயினை உலர்ந்த துணிக்குள் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். இரவல் ஹெல்மெட்டின் உள்ளே உள்ள பஞ்சைக் கழற்றி அலசிக் காயவைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உரியவரிடம் கொடுங்கள். தொடை வலிக்கும், பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது தெரியும். இரண்டு நாளில் போய்விடும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உயரத்துக்குச் சரியாக இருந்த இடத்தில் சீட்டுக் கம்பியைச் சுற்றி ஒரு துண்டு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அங்கிள் அளந்து பார்க்க வேண்டியதில்லை. எங்கள் சபையின் இரவல் சைக்கிளில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை என்று ஐந்து நிறம் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. நீங்கள் வரும்போது வேறொரு நிறம் வாங்கி வாருங்கள்.